இரண்டு கட்டம்தானே மாறியது?

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். நேரலையில் பலகையின் ஓரம் ஒரு பட்டை தெரிந்தது. வெள்ளையும் கறுப்பும் அதில் ஏறத்தாழ சமமாக நின்றன. 55-ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். பட்டை உடனே குகேஷின் கறுப்புப் பக்கம் சாய்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த குகேஷ் அந்தத் தவறைக் கண்டுகொள்வதற்குள் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சேதி தெரிந்துவிட்டது.

அந்தப் பட்டையை ஆட்டுவிப்பது செஸ் எஞ்சின். அதற்கு வேலை இரண்டு. ஒன்று தேடல்: நான் இதை ஆடினால் அவர் எதை ஆடுவார், அதற்கு நான் என்ன ஆடலாம் என்று முன்னோக்கி ஆடிப் பார்ப்பது. இன்னொன்று மதிப்பீடு: அப்படி ஆடிப்போய் நின்ற இடத்தில் பலகையைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு சாதகம் என்று ஓர் எண்ணைச் சொல்வது. தேடலைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மதிப்பீட்டை எப்படி இவ்வளவு வேகமாகச் செய்ய முடிகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரு நிலைக்கு எவ்வளவு நேரம்?

ஆட்டத்தின் நடுவில் ஒருவர் ஆடக்கூடிய நகர்வுகள் சராசரியாக 30 முதல் 35 வரை இருக்கும். இருவரும் ஒருமுறை ஆடினால் சுமார் ஆயிரம் நிலைகள். இரண்டு முறை ஆடினால் 10 லட்சம். பார்க்கத் தேவையில்லாத கிளைகளை வெட்டித்தள்ளும் ஆல்ஃபா-பீட்டா போன்ற உத்திகள் இருந்தும், எஞ்சின் தொடவேண்டிய நிலைகள் கோடிக்கணக்கில் மிஞ்சுகின்றன.

ஒரு செயலி, ஒரே கோரில், நொடிக்கு 10 லட்சம் நிலைகளைப் பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3 கிகாஹெர்ட்ஸ் செயலி நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு நிலைக்கு 3,000 துடிப்புகள்தான் கிடைக்கும். நகர்வுகளைப் பட்டியலிடுவது, அவற்றை வரிசைப்படுத்துவது, நினைவகத்தில் துழாவுவது எல்லாம் இதற்குள் முடியவேண்டும்; மிச்சம்தான் மதிப்பீட்டுக்கு. மதிப்பீடு மெதுவானால் எஞ்சின் ஆழம் குறைவாகப் பார்க்கும். மதிப்பீட்டில் அறிவு குறைவாக இருந்தால் ஆழமாகப் போயும் தப்பான முடிவுக்கு வரும். எஞ்சின் எழுதுகிறவர்களின் இழுபறி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கையால் எழுதிய விதிகளின் காலம்

கணினிக்கு செஸ் ஆடக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று கிளாட் ஷானன் 1950-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலேயே மதிப்பீட்டுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சிப்பாய்க்கும் துணையில்லாத தனிச் சிப்பாய்க்கும் அரைப் புள்ளி கழிவு. ஆடக்கூடிய ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 கூடுதல். பிறகு வந்த பல பத்தாண்டுகள் இந்தப் பட்டியலை நீட்டின. ராஜாவுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, யானைக்குத் திறந்த வழி இருக்கிறதா, பிஷப் ஜோடி கையில் இருக்கிறதா என்று விதிகள் பெருகின. விதிகள் பெருகப் பெருக வேகம் குறைந்தது. அதை ஈடுகட்டச் சில உத்திகள் பிறந்தன.

முதல் உத்தி, காய்-கட்ட அட்டவணை. நடுக்கட்டத்தில் நிற்கும் குதிரைக்கு இவ்வளவு, மூலையில் நிற்கும் குதிரைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு காய்க்கும் 64 எண்கள். மொத்தக் கூட்டுத்தொகையை எப்போதும் கையில் வைத்துக்கொள்ளலாம். குதிரை நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணைக் கழித்துப் புதிய கட்டத்தின் எண்ணைக் கூட்டினால் வேலை முடிந்தது. மற்ற காய்களைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது, சிப்பாய் அட்டவணை. தேடலில் குதிரைகளும் யானைகளும் ஓடியாடிக்கொண்டே இருக்கும். சிப்பாய்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு சிப்பாய் அமைப்பை ஒருமுறை அலசி விடையை எழுதிவைத்துவிட்டால், அதே அமைப்பு ஆயிரம் முறை வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அமைப்பை அடையாளம் காண ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-இல் சொன்ன வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்ற ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு 64-பிட் தற்செயல் எண். பலகையில் உள்ளவற்றின் எண்களை (சிப்பாய் அமைப்புக்கு என்றால் சிப்பாய்களின் எண்களை மட்டும்) எக்ஸார் என்ற பிட் கணக்கால் சேர்த்தால் ஓர் அடையாள எண். காய் நகர்ந்தால் பழையதை எக்ஸார் செய்து நீக்கி, புதியதை எக்ஸார் செய்து சேர்க்கவேண்டியதுதான். இங்கேயும் மாறியதை மட்டுமே தொடுகிறார்கள்.

மூன்றாவது, பாதியில் நிறுத்துவது. ஒருவர் ஒரு ராணியையே இழந்து நிற்கிறார் என்றால், சிப்பாய் அமைப்பில் கால் புள்ளி கூடுமா குறையுமா என்று ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் மலிவான கணக்கைப் போடு; விடை தேடலுக்குத் தேவையான எல்லையை விட்டு வெகுதூரம் விலகியிருந்தால் அங்கேயே நிறுத்து. 1997-இல் காஸ்பரோவை வென்ற ஐபிஎம்மின் டீப் புளூவும் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்திருந்தது. அதன் பிரத்தியேகச் சில்லுகளில் வேக மதிப்பீடு ஒரே துடிப்பில் முடிந்துவிடும். பலகையை ஒவ்வொரு நெடுவரிசையாக அலசும் மெதுவான மதிப்பீடு தேவைப்பட்டால் மட்டுமே ஓடும். நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்க அதனால் முடிந்தது.

நெட்வொர்க் வந்தபோது

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஸீரோவை அறிவித்தது. மனிதர் எழுதிய மதிப்பீட்டு விதி எதுவும் அதில் இல்லை. தனக்குத்தானே ஆடிக் கற்ற ஒரு பெரிய நியூரல் நெட்வொர்க்தான் மதிப்பிட்டது. அது பார்த்தது நொடிக்கு 80 ஆயிரம் நிலைகள். எதிர்த்து ஆடிய ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் பார்த்தது நொடிக்கு 7 கோடி. வென்றது ஆல்ஃபாஸீரோ. நெட்வொர்க்கின் அறிவு எவ்வளவு மேலானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த நெட்வொர்க் ஓடியது கூகுளின் தனிச் சில்லுகளில். வீட்டுக் கணினியின் செயலியில் ஓட்டினால் நகராது.

வழி ஜப்பானிலிருந்து வந்தது. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்கு எஞ்சின் எழுதிவந்த யு நாசு, சாதாரணச் செயலியிலேயே விரைவாக ஓடக்கூடிய ஒரு நெட்வொர்க் அமைப்பை 2018-இல் வெளியிட்டார். என்என்யுஇ என்று அதற்குப் பெயர். ஹிசயோரி நோடா அதை ஸ்டாக்ஃபிஷுக்குக் கொண்டுவந்தார். 2020 செப்டம்பரில் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 12 அதைச் சேர்த்துக்கொண்டது. எஞ்சினின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. ஆட்டமோ அதைவிடப் பல மடங்கு கூடியது. முந்தைய பதிப்போடு நிறம் மாற்றி இரண்டிரண்டு ஆட்டங்களாக, ஜோடி ஜோடியாக ஆடவிட்டபோது, தோற்ற ஜோடிகளைப்போல் 10 மடங்குக்குக் குறையாமல் வென்றது.

2.1 கோடியிலிருந்து 64-க்கு

நாசுவின் யோசனையை எண்களில் பார்த்தால்தான் அதன் அழகு பிடிபடும்.

நெட்வொர்க்குக்குள் போகும் தகவல் வெறும் ஆம், இல்லைதான். ஒவ்வொரு கேள்வியும் இந்த வகை: "என் ராஜா இந்தக் கட்டத்தில், இந்தக் காய் அந்தக் கட்டத்தில், இருக்கிறதா?" ராஜாவுக்கு 64 கட்டங்கள், ராஜாக்களை விட்டுவிட்டால் இரு நிறத்திலும் சேர்த்து 10 வகைக் காய்கள், அவற்றுக்கு 64 கட்டங்கள். பெருக்கினால் 40,960 கேள்விகள். இதே பட்டியல் வெள்ளையின் பார்வையில் ஒன்று, கறுப்பின் பார்வையில் ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் 256 எண்கள் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. "ஆம்" என்று பதில் வந்த கேள்விகளின் வரிசைகளை எல்லாம் கூட்டினால் 256 எண்கள் கொண்ட ஒரு தொகை கிடைக்கும். இரு பார்வைக்கும் சேர்த்து 512 எண்கள். இவை 32, மறுபடி 32, கடைசியில் 1 என்று மூன்று சிறிய அடுக்குகளைக் கடந்து மதிப்பீடாக வெளிவரும்.

பாடப்புத்தகத்தில் உள்ளபடி முதல் அடுக்கைக் கணக்கிட்டால் 40,960 × 256 × 2, அதாவது சுமார் 2.1 கோடி பெருக்கல்கள். ஒரு நிலைக்கு இவ்வளவு என்றால் கடையை மூடவேண்டியதுதான்.

ஆனால் ஆட்டத் தொடக்கத்தில்கூட ராஜாக்கள் நீங்கலாகப் பலகையில் இருப்பவை 30 காய்கள். 40,960 கேள்விகளில் "ஆம்" 30-க்குமேல் போகாது. மற்ற எல்லாம் சுழி. சுழியால் பெருக்குவானேன்? ஒன்றால் பெருக்குவதும் வீண். வரிசையை அப்படியே கூட்டினால் போதும். ஆக 30 × 256 × 2 = 15,360 கூட்டல்கள்.

அடுத்த படிதான் முக்கியம். ஒரு குதிரை நகர்ந்தால் பலகையில் மாறுவது இரண்டு கட்டங்கள். ஒரு "ஆம்" இல்லையாகிறது. ஓர் "இல்லை" ஆமாகிறது. மாதக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றை வாங்கினால், மளிகைக் கடைக்காரர் முதல் தேதியிலிருந்தா மறுபடி கூட்டுகிறார்? அதன் விலையைக் கழித்து இதன் விலையைக் கூட்டுவார். அதேபோல் முன் நிலையின் தொகையில் ஒரு வரிசையைக் கழித்து ஒரு வரிசையைக் கூட்டினால் புதிய நிலையின் தொகை வந்துவிடும். 2 × 256 × 2 = 1,024 செயல்கள். காயை வெட்டினால் மாற்றம் மூன்று. இந்தத் தொகைக்கு அக்யுமுலேட்டர் என்று பெயர்.

இனி செயலியின் பங்கு. ஏவிஎக்ஸ்2 வசதியுள்ள செயலியில் 256 பிட் அகலமுள்ள பதிவேடுகள் இருக்கின்றன. ஓர் எண்ணை 16 பிட்டில் அடக்கினால் ஒரு பதிவேட்டில் 16 எண்கள் உட்காரும்; ஒரே கட்டளையில் 16 கூட்டல்கள் நடக்கும். 1,024-ஐ 16-ஆல் வகுத்தால் 64.

2.1 கோடி பெருக்கல்களில் தொடங்கிய வேலை 64 கட்டளைகளில் முடிகிறது. இதில் செயலியின் தசை பலத்தால் வந்தது கடைசி 16 மடங்கு மட்டுமே. அதற்கு முன்னால் வந்த 20 ஆயிரம் மடங்கும், செய்யத் தேவையில்லாத வேலை எது என்று கண்டுபிடித்ததால் வந்தது.

தசமமா, முழு எண்ணா?

நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும்போது எண்கள் தசமத்தில் இருக்கும். எஞ்சினில் ஏற்றும்போது ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி முழு எண்ணாக வெட்டிவிடுகிறார்கள். முதல் அடுக்குக்கு 16 பிட். அதன் விடையை 0-க்கும் 127-க்கும் நடுவில் அடக்கிய பிறகு அடுத்த அடுக்குகளுக்கு 8 பிட். 8 பிட் என்றால் ஒரு பதிவேட்டில் 32 எண்கள் நிற்கும்.

வேகம் இதில் ஒரு லாபம். இன்னொரு லாபம் துல்லியம். தசம எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கத்தில் சிறு பிசகு சேரும். ஒரு வரிசையைக் கூட்டிவிட்டு அதையே கழித்தால்கூடப் பழைய தொகை அப்படியே திரும்பி வரும் என்ற உறுதி கிடையாது. லட்சக்கணக்கான நகர்வுகளுக்குப் பிறகு கணக்கு எங்கோ போயிருக்கும். முழு எண்ணில் அந்தக் கவலை இல்லை. கூட்டியதைக் கழித்தால் பழையது அச்சு அசலாக வரும். மாறியதை மட்டும் தொடும் உத்தி நம்பகமாக நடப்பதற்கு முழு எண்கள்தான் அடித்தளம். 16 பிட்டின் எல்லையான 32,767-ஐத் தொகை தாண்டிவிடாதபடி எண்களைக் கட்டுக்குள் வைக்கிறார்கள்.

ராஜா நகர்ந்தால்?

இந்த ஏற்பாட்டில் ஓர் இடறல் உண்டு. ஒவ்வொரு கேள்வியும் "என் ராஜா இந்தக் கட்டத்தில்" என்று தொடங்குகிறது. ராஜா ஒரு கட்டம் நகர்ந்தாலே அந்தப் பக்கத்துக் கேள்விகள் எல்லாம் ஒரேயடியாக மாறிவிடும். பழைய தொகை எதற்கும் உதவாது. பலகையில் உள்ள காய்களின் வரிசைகளை எல்லாம் புதிதாகக் கூட்டவேண்டும். எதிரியின் பார்வையில் உள்ள தொகைக்கு மட்டும் பாதிப்பில்லை. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ராஜாக்கள் நிறைய நடமாடும் என்பதால் இது சின்னச் செலவல்ல.

ஃபின்னி டேபிள் என்று அழைக்கப்படும் அட்டவணை இதற்கு ஒரு மருந்து. ராஜா நிற்கக்கூடிய ஒவ்வொரு கட்டத்துக்கும், கடைசியாக அங்கே நின்றபோது இருந்த தொகையும், அப்போது எந்தக் காய்கள் எங்கே இருந்தன என்பதும் சேமித்து வைக்கப்படும். ராஜா ஜி1 கட்டத்துக்குத் திரும்பி வந்தால், பழைய ஜி1 தொகையை எடுத்து, அப்போதைக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சரிசெய்தால் போதும். தேடல் ஒரே பகுதியைச் சுற்றிச் சுற்றி வருவதால் வித்தியாசம் பெரும்பாலும் நாலைந்து காய்களுக்குள் அடங்கிவிடும்.

நகர்வைத் திரும்ப எடுப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. ஒவ்வொரு ஆழத்தின் தொகையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியாக இருக்கும். ஒரு படி பின்னால் வந்தால் பழைய தொகை அங்கேயே காத்திருக்கும். ஆடவேண்டியவர் மாறும்போது இரண்டு தொகைகளின் வரிசையை மாற்றி வைத்தால் போதும்.

கேட்காத கேள்விக்குப் பதில் எதற்கு?

தேடல் தொடும் நிலைகள் எல்லாவற்றுக்கும் மதிப்பீடு தேவைப்படுவதில்லை. ஒரே நிலைக்கு வேறு வேறு நகர்வு வரிசைகளில் வந்து சேரலாம். முன்பே கணித்த எண் நினைவக அட்டவணையில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ராஜாவுக்குச் செக் விழுந்திருக்கும் நிலையில் ஸ்டாக்ஃபிஷ் மதிப்பிடுவதே இல்லை. ஆகவே நகர்வை ஆடியவுடன் தொகையைத் திருத்தாமல், மாறியது எது என்று குறித்துவைத்து, யாராவது மதிப்பீடு கேட்டால் மட்டும் திருத்துவது லாபம்.

அடுத்த அடுக்குகளிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. 512 எண்கள் 32-க்குப் போகும் இடத்தில் 16,384 பெருக்கல்கள். முதல் அடுக்கு சுருங்கிய பிறகு பெரிய செலவு இதுதான். ஆனால் 0-க்குக் கீழே போனவற்றை 0 ஆக்கிவிடுவதால் அந்த எண்களில் கணிசமானவை சுழி. சுழி இல்லாத இடங்களை முதலில் கண்டுபிடித்து அவற்றுக்கு மட்டும் பெருக்குகிறார்கள். சுழிகள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து வரும்படி நெட்வொர்க்கின் எண்களை இடம் மாற்றி அடுக்கவும் செய்கிறார்கள்.

பாதியில் நிறுத்தும் பழைய உத்தியும் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. கையால் எழுதிய விதிகளை முற்றிலும் விட்டுவிட்ட முதல் பதிப்பு, 2024 பிப்ரவரியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 16.1. அதில் நெட்வொர்க்குகள் இரண்டு. ஒரு பக்கம் தெளிவாக ஓங்கியிருக்கும் நிலைகளைச் சிறியது பார்த்துக்கொள்கிறது. நுணுக்கம் தேவைப்படும் இடத்துக்குப் பெரியது.

வேகமானது என்று எப்படி உறுதி செய்வது?

வேகத்துக்கான மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை விடையை மாற்றக் கூடாது. ஸ்டாக்ஃபிஷில் பெஞ்ச் என்று ஒரு கட்டளை இருக்கிறது. குறிப்பிட்ட சில நிலைகளைக் குறிப்பிட்ட ஆழம்வரை தேடி, மொத்தம் எத்தனை நிலைகளைத் தொட்டது என்று ஓர் எண்ணை அச்சிடும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்த எண் ஓர் இலக்கம் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். வேறுபட்டால் வேகம் கூடவில்லை, கணக்கு தப்பியிருக்கிறது என்று பொருள்.

தப்பு நுழையும் இடங்கள் எல்லாருக்கும் ஒன்றேதான். ஆன்பாசானில் வெட்டுப்படும் சிப்பாய், வெட்டும் சிப்பாய் போய் நிற்கும் கட்டத்தில் இருக்காது. காஸ்லிங்கில் ஒரே நகர்வில் இரண்டு காய்கள் இடம் மாறும். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் மறைந்து ராணி தோன்றும். எஞ்சின் எழுதத் தொடங்குகிறவர்கள் சோதனைப் பதிப்பில் ஒவ்வொரு நிலையிலும் தொகையை இரண்டு வழியிலும் கணக்கிட்டு, திருத்தி வந்ததும் புதிதாகக் கூட்டியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். இந்த ஒரு சோதனை பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நேரத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். செயலி சூடேறினால் வேகம் குறையும். பின்னணியில் வேறு நிரல் ஓடினாலும் குறையும். பழைய பதிப்பையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி ஒப்பிட்டால்தான் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்தை நம்பலாம்.

இரண்டாவது வகை விடையை மாற்றும்: சிறிய நெட்வொர்க், பாதியில் நிறுத்தும் எல்லை போன்றவை. இவற்றுக்கு ஆட்டம்தான் தேர்வு. 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் தளத்தில் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை இதற்காகக் கொடுக்கிறார்கள். ஆட்டத்துக்கு 10 நொடி, ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 நொடி கூடுதல் என்ற குறுகிய நேரத்தில் பழையதும் புதியதும் ஆயிரக்கணக்கில் மோதும். வேகம் கூடியும் வெற்றி கூடாவிட்டால் அந்த மாற்றத்தைச் சேர்க்கமாட்டார்கள்.

மிச்சப்பட்ட நேரம் எங்கே போகிறது?

இவ்வளவு மிச்சம்பிடித்த பிறகு எஞ்சின்கள் நொடிக்கு முன்னைவிடப் பல மடங்கு நிலைகளைப் பார்க்கின்றனவா? இல்லை. ஸ்டாக்ஃபிஷ் 12-இல் 256 ஆக இருந்த முதல் அடுக்கின் அகலம், 2024-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 17-இல் 3,072. மிச்சம்பிடித்த ஒவ்வொரு துடிப்பையும் இன்னும் பெரிய நெட்வொர்க் எடுத்துக்கொண்டது. முதல் அடுக்கை 12 மடங்கு அகலமாக்கினாலும் தாங்குகிறது என்றால், ஒவ்வொரு நகர்வுக்கும் அதில் தொடவேண்டியவை இரண்டு மூன்று வரிசைகளே என்பதால்தான். நாசுவின் அமைப்பில் வேகம் பிறகு ஒட்டவைத்த சேர்க்கை அல்ல. ஒரு நகர்வு பலகையில் எவ்வளவு குறைவாக மாற்றுகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர் நெட்வொர்க்கையே வரைந்தார். எஞ்சின் எழுத உட்காருகிறவர், எந்தக் கட்டளை வேகமானது என்று தேடுவதற்கு முன்னால், தன் மதிப்பீட்டில் ஒரு நகர்வுக்குப் பிறகு எத்தனை எண்கள் உண்மையில் மாறுகின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். பெரும்பாலான வேகம் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.